விதை முதிரும் நாள்

நெடுநாள் வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றிய நினைவுரைகளில் எண்களே முந்திக்கொண்டு வந்து நிற்பது எதனால் என்ற கேள்வி, துளசி கௌடாவைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும் எவரையும் எளிதில் விடுவதில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், அங்கோலா வட்டத்தைச் சேர்ந்த ஹொன்னள்ளியில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வாழ்ந்து, 2024 டிசம்பர் 16 அன்று அங்கேயே காலமான அவருக்கு வயது 86 என்று செய்தித்தாள்கள் எழுதின. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 நவம்பரில், குடியரசுத் தலைவர் மாளிகையின் விரிப்பில் வெறுங்காலுடன் நடந்து சென்று அவர் பத்மஸ்ரீ விருது பெற்றபோது வந்த செய்திகளிலோ அவருடைய வயது 72 என்றும் 77 என்றும் இருந்தது. அவர் வளர்த்த மரங்களின் கணக்கும் இப்படித்தான் அலைகிறது: 30,000 என்பார் உண்டு, 40,000 என்பார் உண்டு, லட்சத்தைத் தாண்டும் என்பாரும் உண்டு. ஹாலக்கி ஒக்கலிகர் எனப்படும், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் உழுதும் காட்டை அண்டியும் வாழ்ந்துவந்த சமூகத்தில், எழுதப் படிக்கத் தெரியாத குடும்பமொன்றில் பிறந்த பெண்ணுக்குப் பிறந்த ஆண்டு துல்லியமாகத் தெரியாமற்போவதில் வியப்பில்லை. உறுத்துவது வேறு. அவருடைய வேலை எண்ணிச் சொல்லத்தக்க வேலையாகவே இருக்கவில்லை. ஆனாலும் ஓர் எண்ணாக மாறிய பிறகே அது நாட்டின் கண்ணில் பட்டது.

மரம் நடுதல் என்றதும் மனத்தில் எழும் காட்சியில் ஒரு குழி இருக்கிறது, முழங்கால் உயர நாற்று ஒன்று இருக்கிறது, சுற்றி நாலைந்து பேர் நிற்கிறார்கள். நாற்று எங்கிருந்து வந்தது என்பது அந்தக் காட்சிக்குள் வருவதே இல்லை. துளசி கௌடாவின் உழைப்பில் பெரும்பகுதி அந்தக் காட்சிக்கு முன்னால், வனத்துறையின் நாற்றங்காலில் நடந்து முடிந்தது. விதையை முளைக்க வைத்து, முளைத்ததைப் பாத்தியிலும் பையிலும் தேற்றி, மழை பிடிக்கும் வேளையில் காட்டுக்கு அனுப்பிவைக்கும் இடம் அது. தந்தை இறந்தபோது துளசி இரண்டு வயதுக் குழந்தை. தாய் நாற்றங்காலில் தினக்கூலி. சிறுமியாக இருக்கும்போதே மகளும் தாயின் பின்னால் அங்கே வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை, சிறுவயதிலேயே திருமணமும் ஆகிவிட்டது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் தினக்கூலியாகவும், அதன்பின் நிரந்தரப் பணியாளராகச் சுமார் 15 ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. தாயிடமிருந்து மகள் கற்ற கலை என்று இதைச் சொன்னால் கேட்க இதமாக இருக்கிறது. பிள்ளையை விட்டுவரத் துணையில்லாத கைம்பெண் ஒருத்தி கூலி வேலைக்குத் தன் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனாள் என்பதும் அதே செய்திதான். இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால், சொன்னதும் பொய்யாகிவிடுகிறது.

விதை என்பது பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுவைத்து, வேண்டும்போது விதைக்கும் பொருள் என்ற எண்ணம் நெல்லையும் கேழ்வரகையும் வைத்து உருவானது. அவை உலர்வு தாங்கும் விதைகள். காயக் காய அவற்றின் ஆயுள் கூடும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளோ உலர்வு தாங்காதவை. ஈரம் குறைந்தால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். மாவும் பலாவும் நாவலும் இந்த வகையைச் சேர்ந்தவை. கன்னடக் கரையில் தூப மரம் என்று வழங்கும் வெள்ளைக் குந்திரிக்க மரத்தின் பருத்த விதை, பருவமழையை ஒட்டி முதிர்ந்து விழுந்து, சில வாரங்களுக்குள் மண்ணைச் சேராவிட்டால் வெறும் கட்டையாகிவிடும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அந்தக் கரையோரத்தில், முதல் மழைக்குச் சற்று முன்னரோ மழையோடு மழையாகவோ விழுந்து, விழுந்த இடத்திலேயே வேர்விட்டுவிடும் விதைக்கு ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கவேண்டிய தேவை இல்லை. ஆகவே அந்த விதையைத் திரட்டுகிறவர் அது விழும் வாரத்தை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். தேக்கின் கதை நேர்மாறானது: கல்போன்ற ஓட்டுக்குள் உறங்கும் அதன் விதையைப் பல நாள் மாற்றி மாற்றி நீரில் ஊறவைத்தும் வெயிலில் காயவைத்தும் எழுப்பவேண்டும், அப்படி எழுப்பிய பிறகும் சில இந்த மாதம் முளைக்கும், சில அடுத்த மாதம் முளைக்கும். வட்டமான சிறகுக்கு நடுவே விதையைப் பொதிந்துவைத்திருக்கும் ஹொன்னே, அதாவது வேங்கை, ஒரு மாதிரி. பறவைகள் தின்று பரப்பும் ஆல், அத்தி வகைகளின் கடுகுக்கும் சிறிய விதை வேறொரு மாதிரி. இவற்றுக்கெல்லாம் மேலே தாய்மரத்தைத் தெரிவு செய்வது என்ற கேள்வி இருக்கிறது. தாய்மரம் என்பது வனவியலில் விதைக்கென்று குறித்துவைக்கப்படும் மரம்: மிக இளையதாகவோ ஓய்ந்துபோனதாகவோ இருக்கக்கூடாது, தண்டு நேராக ஓங்கியிருக்கவேண்டும், நோயின் சுவடு இருக்கக்கூடாது, சுற்றிலும் அதன் இனத்து மரங்கள் இருக்கவேண்டும், ஏனென்றால் தனித்து நிற்கும் மரம் தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டு வலுக்குன்றிய விதைகளைத் தர வாய்ப்புண்டு. அந்த மரத்திலும் முதலில் உதிர்ந்தவற்றை எடுக்கலாகாது, அவற்றில் பெரும்பாலானவை பூச்சி துளைத்தவையாகவோ முதிராதவையாகவோ இருக்கும். துளசி கௌடாவுடன் பணியாற்றிய வனத்துறையினர் வியந்து பேசியவற்றுள் முதன்மையானது, காட்டுக்குள் எந்த இனத்தின் தாய்மரம் எங்கே நிற்கிறது என்பதையும் அதன் விதை எந்த வேளையில் எடுத்தால் நன்கு முளைக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்த விதம்.

இங்கேதான் அவருடைய வாழ்வின் நீளம் ஒரு தற்செயலாக அல்லாமல், அவருடைய அறிவின் கருவியாகவே தோன்றத் தொடங்குகிறது. காட்டு மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில இனங்கள் ஓராண்டு கிளை தாழக் காய்த்துவிட்டு அடுத்த சில ஆண்டுகள் பேருக்குக் காய்க்கும். எந்த ஆண்டு பெருங்காய்ப்பு வரும் என்பதை ஓராண்டு பார்த்தவரால் சொல்ல முடியாது, ஐந்தாண்டு பார்த்தவரும் தயக்கத்தோடுதான் சொல்வார். மூங்கிலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முள்மூங்கில் 40 முதல் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதையைக் கொட்டி, அத்தோடு மடிந்துபோகும் இனம். ஒரு பெண் தன் சிறுபிராயத்தில் அதை ஒருமுறை பார்த்திருந்தால், மறுமுறை பார்க்கும்போது பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். தான் இளமையில் கண்ட ஒன்று திரும்பி வந்திருக்கிறது என்று அடையாளம் காணக்கூடியவர் அந்த ஊரில் கிழவிகளும் கிழவர்களும் மட்டுமே. இதே மாவட்டத்தின் மூங்கில் வளம் குறைந்துபோனதைக் கூடைமுடைவோர் 1970-களில் முறையிட்டதையடுத்து அங்கே ஆய்வு செய்த சூழலியலாளர் மாதவ் காட்கில் எழுதிய செய்தி ஒன்றும் இத்தோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. மூங்கில் புதரின் அடியில் அடர்ந்திருக்கும் முட்களை வெட்டித் துப்புரவாக்கினால் குருத்து நன்றாக எழும் என்று கருதிக் காகித ஆலைக்கு வெட்டியவர்கள் அப்படியே செய்தார்கள். முட்கள்தான் குருத்தைக் கால்நடையிடமிருந்தும் காட்டு விலங்கிடமிருந்தும் காக்கின்றன, அவற்றை எடுக்கக்கூடாது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஆய்வு ஊர்க்காரர்கள் சொன்னதையே உறுதிசெய்தது. அந்த ஊர்க்காரர்கள் எந்த நூலிலிருந்தும் அதைப் பெறவில்லை, ஒரே புதரைப் பல மழைக்காலங்கள் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து பெற்றார்கள். அப்படிப்பட்ட அறிவுக்கு ஒரு கேடும் உண்டு. அது மரத்தைப் பற்றிய பொது அறிவு மட்டுமன்று, இந்த ஓடைக்கு மேற்கே நிற்கும் இந்த மரத்தைப் பற்றிய அறிவு. மரம் போனால் அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே அறிவின் ஒரு பகுதி போய்விடும். துளசி கௌடா இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 ஜூலை 16 அன்று, அதே அங்கோலா வட்டத்தின் சிரூரில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்த வெட்டப்பட்டிருந்த குன்று மழையில் சரிந்து கங்காவளி ஆறுவரை மண்ணைத் தள்ளியது. மாண்டவர்களுள் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களும் உண்டு. அந்தச் சரிவில் நின்ற மரங்களை எவரும் கணக்கெடுத்திருக்கமாட்டார்கள், உயிர்கள் போன இடத்தில் அதைக் கேட்பதும் தகாது. ஆயினும் ஒரு வட்டாரத்தின் நினைவு எத்தகைய நிலத்தின்மேல் நிற்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

நாற்றங்கால் வேலையின் ஒரு கணத்தையாவது அருகிருந்து பார்க்காமல் இந்த உழைப்பைப் பற்றிப் பேசுவது வெறும் புகழ்ச்சியாகிவிடும். மேட்டுப் பாத்தியில் நெருக்கமாக முளைத்த கன்றுகள் வித்திலைகளுக்கு மேல் ஓர் இணை இலையை விரித்ததும், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்கு மாற்றவேண்டும். முதல்நாள் மாலையே பூவாளியால் பாத்தியை நனைத்துவைப்பார்கள். கூர்மழுக்கிய குச்சியை மண்ணில் சாய்வாகச் செருகி நெம்பும்போது கன்று சற்று எழும்பும். அப்போது அதைத் தண்டில் பிடிக்கக்கூடாது, இலையில் பிடிக்கவேண்டும். இலை கசங்கினால் இன்னோர் இலை வரும், நூலினும் சற்றே தடித்த அந்தத் தண்டு விரலழுத்தத்தில் நசுங்கினால் பின்பு ஒன்றும் வராது. செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பிய பையின் நடுவே துளையிட்டு வேரை இறக்கும்போது அதன் நுனி மேல்நோக்கி மடங்கிவிட்டால், கன்று அன்றைக்குச் சாகாது. ஓராண்டு, ஈராண்டு நன்றாகவே வளர்ந்து, காட்டில் நட்ட பிறகு காற்றிலோ கோடையிலோ காரணம் தெரியாமல் சாயும். அதைத் தவிர்க்க, வேரைச் சற்று ஆழமாக இறக்கிப் பின் மெல்ல மேலே இழுத்து நேராக்கி, பக்கவாட்டில் மண்ணை அழுத்துவார்கள். இந்த அசைவுகள் முடியச் சில நொடிகளே ஆகும். ஒரு நாளில் பல நூறு பைகள். முதுகு வளைந்தே இருக்கும், விரல்களுக்கு இடையில் எப்போதும் ஈரம். செய்த வேலை சரியா தவறா என்பது தெரியவருவதற்குள் அன்றைய கூலி வாங்கிச் செலவாகிப் பல மாதம் ஆகியிருக்கும். மேற்பார்வை எதுவும் எட்ட முடியாத இடத்தில், மண்ணுக்குள் மறைந்துவிட்ட வேரின் நுனியில், வேலையின் தரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே ஒருவர் காட்டும் அக்கறையைக் கூலியால் வாங்க முடியாது, கூலி குறைவு என்பதால் அது இல்லாமற்போகவும் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு எளிய விடை எதுவும் தென்படவில்லை.

காட்டின் தாய், மரங்களின் அன்னை என்று அவருக்குச் சூட்டிய அடைமொழிகள் விடை இல்லாத அந்த இடத்தை நிரப்ப வந்தவையாகவே படுகின்றன. இதே கர்நாடகத்தில், மாகடி வட்டத்து ஹுலிக்கல்லில் வாழ்ந்து 2025 நவம்பரில் மறைந்த சாலுமரத திம்மக்காவுக்கும் இதே அடைமொழிகள் வழங்கின. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஹுலிக்கல்லிலிருந்து குதூர் செல்லும் சாலையோரம் அவரும் கணவரும் குடத்தில் நீர் சுமந்து வளர்த்த ஆலமரங்களே அவருடைய பிள்ளைகள் என்று சொல்லப்பட்டபோது, அதில் அவருடைய வாழ்வின் உண்மையான துயரம் ஒன்று கலந்திருந்தது. 385 என்று சொல்லப்படும் அந்த ஆலமரங்கள் சாலையோரம் வரிசையாக நிற்பவை. வண்டியில் போகிற எவரும் அவற்றைப் பார்க்கலாம், இவை அவருடையவை என்று கைநீட்டிச் சொல்லலாம். துளசி கௌடாவுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் வளர்த்தவை காட்டுக்குள் கலந்து அடையாளமிழந்துவிட்டன. இவ்வளவு வேறுபட்ட இரு வாழ்வுகளுக்கும் ஒரே அடைமொழியைச் சூட்டியது அன்பினால்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாய் என்று அழைக்கப்படுகிறவரிடம் கூலியைப் பற்றிக் கேட்கும் வழக்கம் எங்கும் இல்லை. ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஒருவரைத் தினக்கூலியாகவே வைத்திருந்த ஏற்பாடு, அவர் அன்னையாகப் போற்றப்பட்ட கணத்தில் கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறது. வீட்டிலும் அவர் தாய்தான்: நாற்றுக்கு நீர் விட்டுத் திரும்பிய பின் அடுப்பு மூட்டியிருப்பார், கணவரை இழந்த பிறகு குடும்பத்தின் பாரத்தைச் சுமந்தார். அந்தத் தாய்மையை எவரும் மேடையில் பாடவில்லை, அதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு ஐயத்தையும் தவிர்க்க முடியாது. போற்றுதலுக்கு அது இடைஞ்சலாக இருந்தாலும் சொல்லியாகவேண்டும். வனத்துறையின் நாற்றங்கால் காட்டுக்காக மட்டும் இயங்கியதன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உத்தர கன்னடத்தின் இயற்கைக் காடுகள் பல இடங்களில் வெட்டப்பட்டு, அங்கே தேக்கும் யூக்கலிப்டஸும் பின்னர் அக்கேசியாவும் ஓரினத் தோப்புகளாக எழுப்பப்பட்டன. ஓரினத் தோப்பு என்பது ஒரே இன மரத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாக நட்டு, ஒரே வயதில் வெட்டி எடுப்பது. இதை எதிர்த்துத்தான் 1983 செப்டம்பரில், சிர்சிக்கு அருகேயுள்ள சல்கணி ஊரின் ஆண்களும் பெண்களும் காட்டுக்குள் நடந்துபோய் மரங்களைக் கட்டியணைத்து நின்றார்கள். அப்பிக்கோ இயக்கம் என்று பெயர்பெற்ற அந்த எதிர்ப்பு நடந்த இடமும் துளசி கௌடாவின் நாற்றங்காலும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. மரத்தைக் கட்டிப்பிடித்தவர்களும் நாற்றை வளர்த்தவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தார்கள் என்று சொல்வது அநீதி. எந்த இனத்தை வளர்ப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் தினக்கூலிப் பெண் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் லட்சம் மரம் என்று சொல்லும்போது, அவற்றுள் எத்தனை மத்தியும் நந்தியும் பீட்டேயும் – தமிழில் சொன்னால் கருமருதும் வெண்தேக்கும் ஈட்டியும் – எத்தனை ஆலைக்கும் அறுவைக்கும் வளர்ந்தவை என்பதைப் பிரிக்காமல் சொல்வது, அவர் இனம் இனமாக அறிந்திருந்ததை இனமற்ற ஒரு குவியலாக்கிவிடுகிறது. 300-க்கும் மேற்பட்ட மூலிகைச் செடிகளை அடையாளம் கண்டவர் என்று ஒருபுறம் வியந்துவிட்டு, அவர் வளர்த்தவற்றை மட்டும் பெயரின்றிக் கூட்டிக் காட்டுவதில் ஒரு முரண்பாடு இருக்கிறது.

அங்கோலா வட்டத்திலேயே, அதே ஹாலக்கி சமூகத்தில், படிகேரி ஊரைச் சேர்ந்த சுக்ரி பொம்மகௌடா துளசி கௌடா மறைந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 பிப்ரவரியில் மறைந்தார். நூற்றுக்கணக்கான ஹாலக்கிப் பாடல்களை நினைவில் வைத்திருந்தவர், சாராயத்துக்கு எதிராக ஊரைத் திரட்டியவர், 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர், தன் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று தொடர்ந்து கேட்டவர். பாட்டுக்கு ஒரு நல்லூழ் உண்டு: பாடச் சொல்லி ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்தால், குறைந்தபட்சம் சொல்லும் மெட்டும் தங்கிவிடும். நாற்று வேலை செய்தவரிடம் கருவியை நீட்டினால் எதைப் பதிவு செய்வது? எத்தனை மரம் என்ற கேள்விக்குத் துளசி கௌடாவிடம் உறுதியான விடை இருக்கவில்லை. எந்த மரம் எந்த மாதம் என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த விடைகள் வாய்மொழியாகக் கேட்டுத் தீர்க்கக்கூடியவை அல்ல, ஓராண்டு முழுவதும் அவரோடு காட்டுக்குள் நடந்தால் மட்டுமே கிடைக்கக்கூடியவை. முளைக்காமற்போன விதைகளைப் பற்றி அவர் அறிந்திருந்தது முளைத்தவற்றைப் பற்றி அறிந்ததைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும், எந்தத் தொழிலிலும் பழகிய கைக்கு அப்படித்தான். தோல்வியைப் பற்றி விருதாளர் எவரிடமும் பேட்டியில் கேட்பதில்லை.

இனி எஞ்சியிருப்பது தாள்கள். தினக்கூலிகள் அரசின் எழுத்தில் இடம்பெறுவது மஸ்டர் ரோலில். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்று எழுதி, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொள்ளும் வருகைப் பட்டியல் அது. நாற்று நடப்பட்ட இடங்களுக்குத் தோட்டப் பதிவேடு என்று தனியே ஒன்று உண்டு: எந்த ஆண்டு, எத்தனை ஹெக்டேர், எந்த இனம், எவ்வளவு இடைவெளி, முதலாண்டில் எத்தனை விழுக்காடு பிழைத்தது. இரண்டும் வேறு வேறு அலமாரிகளில் கிடப்பவை. பழைய மஸ்டர் ரோல்களைப் பல அலுவலகங்களில் கரையான் முந்திக்கொண்டு தின்றிருக்கும். எவரேனும் பொறுமையாக உட்கார்ந்து, துளசி கௌடாவின் பெருவிரல் ரேகை பதிந்த ஆண்டுகளையும் அந்த நாற்றங்காலிலிருந்து கன்றுகள் போய்ச்சேர்ந்த வனப்பகுதிகளையும் ஒப்பிட்டால், அவர் கை பட்டுப் போன காடு எது என்பதை ஓரளவுக்கேனும் வரைபடத்தில் குறிக்க முடியும். அவர் தாயோடு பணிசெய்த ஆண்டுகளின் கன்றுகள் பிழைத்திருந்தால் இப்போது அரை நூற்றாண்டைத் தாண்டிய மரங்கள்; அவற்றுள் இயற்கை இனங்களாக இருப்பவை இந்நேரம் தாமே விதை உதிர்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், அந்த விதைகளை இன்று திரட்டிக்கொண்டிருப்பவர்களும் வேறு சில தினக்கூலிப் பெண்களாகத்தான் இருப்பார்கள். போய்ப் பார்க்கும் இடத்தில் மத்தியும் நந்தியும் நிற்கலாம். ஒருமுறை வெட்டப்பட்டு மறுநடவான யூக்கலிப்டஸ் வரிசையும் நிற்கலாம், சாலையாகவும் மாறியிருக்கலாம். எதுவாயினும் போய்ப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன மரம் என்று எழுதுவது அவருக்குச் செய்யவேண்டிய வேலை, அது இன்னும் செய்யப்படவில்லை.